குணரத்தினத்தின் படங்கள்

அடையாள அட்டைப் படத்துக்குச் சிரிக்கக்கூடாது என்பது இந்த ஊரில் பாதிப்பேருக்கு இன்னும் தெரியாது. கதிரையில் இருத்தி, தோளை நேராக்கி, வாயை மூடச் சொன்னால் என்னைக் கோபக்காரன் என்பார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட நெடுங்காலமாக ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். யுத்தம் எனக்குச் சோறு போட்டது என்று சொன்னால் நீங்கள் முகம் சுளிக்கக்கூடும். சோதனைச் சாவடி இல்லாவிட்டால் இந்த முகங்களையெல்லாம் யார் படம் எடுக்கப்போகிறார்கள்?

நீங்கள் கொழும்பிலிருந்து வந்து குணரத்தினத்தைப் பற்றி மரியாதையாகக் கேட்கிறீர்கள். நானும் மரியாதையாகவே சொல்கிறேன்.

டிஜிட்டல் கமரா வந்ததும் விரல் உள்ளவனெல்லாம் படப்பிடிப்பாளன் ஆகிவிட்டான். ஒரு டிஜிட்டல் படத்துக்குள் எழுத்தில் என்னென்ன கிடக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எந்தக் கமரா, எந்த நாள், என்ன நேரம், ஃபிளாஷ் அடித்ததா என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். அவற்றை வாசிக்கவும் பிரித்தெடுக்கவும் மாற்றவும் அழிக்கவும் மென்பொருள்கள் உண்டு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நான் அவற்றை இறக்கி, ஆங்கில விளக்கத்தை அகராதி வைத்து வாசித்துப் பழகினேன்.

ஒருமுறை பெண் வீட்டார் ஒரு லண்டன் மாப்பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தார்கள். போன மாதம் எடுத்ததாம். மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். நாலு வருடப் பழசு. அவர்களுக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டினேன். சம்பந்தம் குழம்பிப்போயிற்று. பெண் அழுதாள் என்று கேள்வி. எனக்கு அதில் வருத்தமில்லை.

குணரத்தினம் மீன் சந்தைக்குப் பின்னால் குடியிருந்தவன். கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பித் திரிந்தான். அவன் எடுத்த கடல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே கிடக்கும். அந்தப் படங்களைத்தான் பத்திரிகையில் போட்டார்கள். ஒருமுறை அவனுடைய பெயரை விட்டுவிட்டார்கள் என்று என் கடைத் தொலைபேசியிலிருந்தே கொழும்புக்கு எடுத்துச் சண்டை பிடித்தான். என்னுடைய படங்களைப் பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பினார்கள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவர்களுடைய கண் அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மழைக்கு முந்திய ஒரு காலை, கடை திறந்ததும் வந்தான். திரியாய்ப் பக்கத்தில் மூன்று மீனவர்களின் உடல்கள் கரையொதுங்கியிருந்தன. வள்ளம் கவிழ்ந்து செத்தார்கள் என்று வானொலி சொல்லியிருந்தது. குணரத்தினத்தின் படங்களில் மூன்று பேருடைய கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன.

"அண்ணை, வெளிநாட்டு இணையத்தளம் ஒண்டுக்கு அனுப்பப்போறன். இதில என்னைக் காட்டிக்குடுக்கிற மாதிரி ஏதும் கிடக்குமோ?"

"கிடக்கும்."

"அதை அழிக்க ஏலுமோ?"

"ஏலும். பேர் போடாமலோ அனுப்பப்போறீர்?"

"பேர் வேண்டாம் அண்ணை. புஸ்பராணிக்கு இது ஏழாம் மாதம்."

நான் படங்களைப் பார்த்தேன். அங்கேயும் கடல் சரிந்துதான் இருந்தது. ஒரு படத்தின் மூலையில் அவனுடைய விரல் விழுந்திருந்தது. இதை உலகமே பார்க்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைக் கடை வாசலில் இருந்து தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு, கணினியில் வேலையை முடித்து, சீடியைக் கையில் கொடுத்தேன்.

"எல்லாம் சரியோ அண்ணை?"

"ஓம். சரி."

அவன் சோதித்துப் பார்க்கவில்லை. எப்படிச் சோதிப்பது என்று கேட்கவுமில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனான். முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு இருக்கவேண்டும்.

படங்கள் அந்த வாரமே இணையத்தில் வந்தன. அடுத்த வாரம், ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வான் ஒன்று வீட்டுக்கு வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. பிறகு கிண்ணியா வீதியோரம் அவனுடைய உடலைக் கண்டெடுத்தார்கள். அவனுடைய கைகளும் கட்டப்பட்டிருந்தன என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

செத்த வீட்டில் வைக்கப் படம் வேண்டுமென்று அவனுடைய மனைவி புஸ்பராணி வந்தாள். பெருவயிற்றோடு நிற்கமுடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, நீங்கள் எல்லாத்தையும் அழிச்சனீங்கள்தானே?"

"ஓம், அழிச்சனான்."

"அப்ப ஆர் சொல்லியிருப்பினம்?"

"அவர் வாய் சும்மா கிடக்காத ஆள், தங்கச்சி. ஆரிட்டையேன் கதைச்சிருப்பார்."

"நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றாள். கணவன்மேல் அவளுக்கு வந்த அந்தக் கோபம் அவளைத் தாங்கிப்பிடிக்கும் என்று எனக்குத் தோன்றியது. படத்தை நல்ல கடதாசியில் அச்சிட்டுக் கொடுத்தேன்.

இணையத்தில் கிடந்த படத்துக்குள் பார்க்கவேண்டும் என்று அவனைக் கொண்டுபோனவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்கள். அவர்களில் ஒருவர் மகளின் பிறந்தநாள் படங்களை அச்சிட என் கடைக்கு வருவார். படிப்பில்லாத மனிதர். கேக் வெட்டிய நேரத்தை அந்தப் படத்திலிருந்தே எடுத்துச் சொன்னதும் வாயைப் பிளந்தார். கேட்காமலேயே மென்பொருளை ஒரு சீடியில் போட்டுக் கொடுத்தேன். குணரத்தினத்தின் படங்கள் வந்த மறுநாள் அது. எந்தப் படத்தில் பழகலாம் என்று கேட்டார். இணையத்தில் எத்தனையோ கிடக்கிறது, புதிதாக வந்ததைப் பாருங்கள் என்றேன்.

அந்தக் கமரா தானாகப் பெயரைப் பதியாது என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் படத்துக்குள் உரிமையாளரின் பெயரை எழுத ஓர் இடம் இருக்கிறது. குணரத்தினம் அதை நிரப்பவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான்தான் நிரப்பினேன். முழுப்பெயர், தகப்பன் பெயர், வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர் எல்லாம் எழுதினேன். ஒரு படத்தையும் விடவில்லை.

பத்திரிகைக்காரர் விட்டார்கள். இணையத்தளக்காரர் விட்டார்கள். அவனுடைய படத்துக்கு அவனுடைய பெயரை ஒழுங்காகப் போட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.