கண்ணடித்த கார்

காலையில் ஆறரைக்கு எழுவேன். பல் தேய்ப்பேன். இரண்டு முட்டை வேகவைப்பேன். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போடுவேன். பின்பக்கத்தை நான் பார்க்கப் போவதில்லை. ஏழேகாலுக்குப் பக்கத்து வீட்டில் மனு சார் காரைத் துடைக்கும் சத்தம் கேட்கும். ஏழரைக்குப் பட்டறைக்குக் கிளம்புவேன். நாலு நிமிட வழி. கார்களுக்கு மின்வேலை பார்ப்பது என் தொழில். கல்லூரியில் படித்ததும் அதுதான்.

மனு சார் என்று அவருக்குப் பெயர் வைத்தது நானல்ல, தெரு. குழாய் ஒழுகினால் மனு, விளக்கு எரியாவிட்டால் மனு, நாய் குரைத்தால் மனு. ஒருமுறை நாய்க்கே நோட்டீஸ் வந்தது என்பார்கள். நல்ல மனிதர், ஐயா. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் காருக்கு நான் மின்னும் பிரேக் விளக்கு மாட்டியிருந்தேன். மிதித்ததும் ஆறு முறை வெட்டி வெட்டி எரிந்து, பிறகு நிலையாக நிற்கும். பின்னால் வருபவன் தூங்கினாலும் எழுந்துவிடுவான். சட்டப்படி தவறு. பிரேக் விளக்கு சிவப்பாக, விட்டுவிட்டு எரியாமல் எரிய வேண்டும் என்பது விதி. வேறு சில நாடுகளில், திடீரென்று அழுத்தி மிதித்தால் மட்டும் மின்னலாம் என்று அனுமதி உண்டு. அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் மாட்டினேன்.

ஒரு மாதத்தில் மனு சார் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எழுதினார். கண் கூசுகிறது, நிற்கப் போகிறதா திரும்பப் போகிறதா என்று பின்னால் வருபவருக்குக் குழப்பம், இன்ன விதி, இன்ன பிரிவு. நோட்டீஸ் வந்தது. கழற்றினேன். கழற்றிய பதினோராம் நாள், சிக்னலில் நின்றிருந்த என் மனைவியின் காரை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. அவள் பிழைக்கவில்லை. வேன்காரன் கைபேசியில் மூழ்கியிருந்தான், எதிரே தீப்பந்தம் பிடித்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டான் என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நான் ஏற்கவில்லை.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் மனு சார். ஆஸ்பத்திரிப் படிவங்களை அவரே நிரப்பினார். வேன்காரன்மேல் மூன்று மனு எழுதினார். ஒருநாள் என் எதிரே வந்து உட்கார்ந்து, "தம்பி, அந்த லைட் விஷயமா உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். "விடுங்க சார், போனது போச்சு" என்றேன். அடுத்த வாரம் அவர் கார் சர்வீசுக்கு என்னிடம் வந்தது.

தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட்டை அவர் பிரேக் விளக்கில் ஒளித்து வைத்தேன், மிதித்தால் விளக்கு மின்னும்படி. வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துத்தான் கண் விழிக்கும். இன்ஜினை அணைத்தால் மறுபடி தூங்கிவிடும். சாலிடர் வேலை சுத்தம் என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். அவருக்கு என் நன்றி.

பதினைந்து நாளில் போக்குவரத்துக் காவலர் அவரை ஓரங்கட்டினார். மனு சார் நேரே பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, என் கார் கண்ணடிக்குதாம்பா."

"யாரைப் பார்த்து சார்?"

"விளையாடாதீங்க. அறுபத்தெட்டு வயசுல நானே யாரையும் பார்த்துக் கண்ணடிச்சதில்ல. இது போயும் போயும் போலீஸைப் பார்த்து அடிச்சிருக்கு."

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து நேரே கொண்டுவரச் சொன்னேன். மிதிக்கச் சொன்னேன். விளக்கு சாதுவாக எரிந்தது.

"தங்கம் சார் உங்க வண்டி."

இரண்டாம் முறையும் பிடித்தார்கள். போக்குவரத்து அலுவலகத்துக்கே ஓட்டிப்போனார். வரிசையில் இன்ஜினை அணைத்துக் காத்திருந்ததால் அங்கும் அது சாதுவாகவே எரிந்தது. அதிகாரி கோப்பிலிருந்து அவருடைய பழைய மனுவையே எடுத்து நீட்டி, "விதி இதுல தெளிவா இருக்கு சார், படிச்சுப் பாருங்க" என்றாராம். அவர் அதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மூன்றாம் முறை பிடிபட்டால் உரிமம் போய்விடும். அவர் மனைவியால் நடக்க முடியாது. வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அவர்தான் ஓட்டிப்போக வேண்டும். அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்து, மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"பிரேக்கைத் தொட்டாத்தானே வம்பு? ஒரு வாரமா தொடவே இல்ல தம்பி. கியரைக் குறைச்சு, கைப்பிரேக்கைப் பிடிச்சு இழுத்தா சமர்த்தா நிக்குது. எப்படி நம்ம மூளை?"

கைப்பிரேக்கை இழுத்தால் பின்னால் பிரேக் விளக்கு எரியாது. வண்டி நிற்பது பின்னால் வருபவனுக்குத் தெரியாது. அவருக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

"நல்ல பழக்கம் சார்" என்றேன். "பிரேக் கட்டையும் தேயாது."

ஒன்பது நாள் ஆயிற்று. மனைவியை மருத்துவமனையில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், மேம்பாலத்து இறக்கத்தில், பட்டப்பகலில் கைப்பிரேக்கை இழுத்தார். விளக்கே எரியவில்லை என்கிறார் பின்னால் வந்து மோதிய லாரிக்காரர். உண்மைதான் சொல்கிறார்; அவரை விட்டுவிடுங்கள். மனு சாரின் பிரேக் கடைசிவரை குறையில்லாமல்தான் இருந்தது. அதை நான் தொடவில்லை. விளக்கைத் தொட்டேன். அவருக்குப் பயம் வந்ததும் அதை வளர்த்தேன். நடக்கப்போவது தெரிந்தும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று தலையாட்டினேன். அவரைக் கொன்றது நான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். என் மனைவியின் விபத்தை விசாரித்தபோது, அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். "அந்த லைட் இருந்தா தைரியமா இருக்கும்" என்றாள் என எழுதிக் கொடுத்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. விபத்தன்று காலை நான் மனு சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் காரில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, சிரித்தாள்.

"அந்த மனுஷனை ஏன் கரிச்சுக் கொட்டறீங்க? மனு எழுதச் சொன்னதே நான்தான். உங்க லைட் வேண்டாம்னு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க, அதான் அவர்கிட்ட கெஞ்சினேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வேற பண்ணியிருக்கார், பாவம். சரி, நேரமாச்சு, கேட்டைத் திறங்க."