தட்டிக்கொண்டே இருந்தவன்

இரவு இரண்டு மணி. ஷின்ச்சு நகரில் ஏரிக்கரையை ஒட்டிப் பின்பக்கமாகப் போகும் சாலை. அந்த ஊர்க் காற்றுதான் உங்களுக்குத் தெரியுமே... ஸ்கூட்டரையே சாய்த்துவிடும். பெய்-ஷான் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். என் நண்பன் யூ-ஷெங்கின் அக்கா. அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் சோதனைகளுக்கு நாற்பது கணினிகள் தயாராக வேண்டும். நாற்பதும் உடம்பில்லாதவை. ஒரு பெரிய சர்வருக்குள்ளேயே பிறந்து, வெள்ளிக்கிழமை அழிக்கப்படுபவை. முன்பெல்லாம் ஜுன்-யென் என்ற மூத்த மாணவன்தான் ஒவ்வொன்றாகக் கையால் கட்டளைகளைத் தட்டி உருவாக்குவான். ஞாயிறு ராத்திரி முழுக்க, சர்வர் இருக்கும் குளிர் அறையில். பிப்ரவரியில் ஒரு நாள், முப்பத்தொன்றாவது கணினியோடு மேசைமேல் சாய்ந்துவிட்டான். இதயம். வயது இருபத்தொன்பது. அன்று இரவு ஒன்பது மணிக்கு, "காலையில பாக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவள் பெய்-ஷான்.

இனி யாரும் அப்படிச் சாகக் கூடாதென்று அவள் ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினாள். ஜுன்-யென்னின் குறிப்பேட்டில் இருந்த படிகளை வரிசை மாறாமல் அதில் ஏற்றினாள். ஞாயிறு இரவு குறித்த நேரத்தில் அது தானே ஓடும்... இருபது நிமிடத்தில் நாற்பதும் எழுந்து நிற்கும். பேராசிரியர் லியாவ் எல்லோருக்கும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம், அந்த இருபது நிமிட வேலை ஏழு மணி நேரம் இழுத்தது. நான்காவது வாரமும் அப்படியே. பதிவுகளைத் திறந்து பார்த்தாள். கட்டளைகள் ஒவ்வொரு எழுத்தாக வந்திருந்தன. தப்பாக ஓர் எழுத்து... அழிப்பு... மறுபடி சரியான எழுத்து. யாரோ கையால் தட்டியிருக்கிறார்கள். அதுவும் அறைக்குள் இருக்கும் விசைப்பலகையில். அந்த இரவுகளில் கதவைத் திறந்த பதிவே இல்லை.

அதனால்தான் ஐந்தாவது ஞாயிறு, அந்த நள்ளிரவில் ஸ்கூட்டரில் அவளே நேரில் பார்க்கக் கிளம்பினாள்.

கதவைத் திறந்ததும் குளிர். விசிறிகளின் இரைச்சல். அதற்கு அடியில்... டக். டக் டக். டக்.

பிறகு வாசனை. தூக்கத்தை விரட்ட ஜுன்-யென் நெற்றிப்பொட்டில் தடவுவானே, அந்தப் பச்சைத் தைலம். நாற்காலி காலி. விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. திரையில் எழுத்துகள் ஊர்ந்தன.

அவள் ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணே... நீங்க தட்ட வேணாம். இப்பல்லாம் அதுவா நடக்குது."

சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு, முன்னைவிட வேகமாகத் தட்ட ஆரம்பித்தது.

விடிந்ததும் ஜுன்-யென்னின் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். மகன் செத்தபோதே அவன் ஆவியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர்தான் அந்த அம்மா. ஆனால் சர்வர் அறைக்குள் விடாததால் கட்டட வாசலிலேயே நின்று கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு இரவு, பெய்-ஷான் யாருக்கும் சொல்லாமல் அவரையும் ஒரு பூசாரியையும் உள்ளே அழைத்துப் போனாள். அம்மா மகனின் சட்டையை மார்போடு அணைத்திருந்தார். கையில் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டு. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சம்மதம்.

"வேலை முடிஞ்சிருச்சுப்பா. வா, வீட்டுக்குப் போவோம்."

போட்டார். இரண்டும் குப்புற. மறுபடி போட்டார். இரண்டும் குப்புற. ஒன்பது முறை. விசைகள் தம் பாட்டுக்கு அமுங்கி எழுந்துகொண்டிருந்தன. அந்தக் குளிரிலும் பூசாரிக்கு வியர்த்தது.

பெய்-ஷான் மண்டியிட்டாள். "வேலை பாக்கி இருக்கான்னு கேளுங்கம்மா."

ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. மூன்று முறை போட்டும் அப்படியே.

அவன் எழுதி வைத்த படிகள் நிரலுக்குள் ஓடும்வரை அவன் எழுந்திருக்க மாட்டான். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. பேராசிரியரைக் கேட்டால் விடமாட்டார். கேட்கவில்லை. ஆறு மாத உழைப்பை நகல்களோடு சேர்த்து அழித்தாள். குறிப்பேட்டைக் கட்டட வாசலில், செத்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பணத்தோடு போட்டு எரித்தார்கள். திரும்பி வந்தபோது அறையில் விசிறிச் சத்தம் மட்டும்தான். அம்மா கட்டைகளைப் போட்டார்.

சம்மதம்.

அதிகாலைப் பேருந்தில் அம்மா தெற்கே தன் ஊரான யுன்லினுக்குக் கிளம்பினார். சீட்டு இரண்டாக வாங்கினார். பக்கத்து இருக்கையில் சட்டையை வைத்தார். வழியில் பாலம் வரும்போதெல்லாம் 'பாலம் வருது, வா' என்று சொல்லிக் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் ஆவி அக்கரையிலேயே நின்றுவிடும். பெய்-ஷான் கையசைத்து வழியனுப்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசானது போல இருந்ததாம்.

மதியம் ஃபோன் வந்தது. யூ-ஷெங் பக்கத்தில் இருந்ததால் அவனும் கேட்டான்.

"வீட்டுக்கு வந்து சேந்துட்டோம் பொண்ணு. ஒண்ணு கேக்கணும்... பாலத்துக்குப் பாலம் கூப்பிட்டேன்ல. ரெண்டு குரல் 'வர்றேன்'னு சொல்லுச்சு. ஒண்ணு எம்புள்ள. இன்னொண்ணு உன் குரலாட்டமே இருந்துச்சு. நீ நல்லாத்தான இருக்க?"

பெய்-ஷான் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

நான்கு வருடம் ஆகிறது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கேட்பதற்கெல்லாம் எழுதிக் காட்டுகிறாள்.

யுன்லினில் அந்த அம்மா, இருட்டிய பிறகு மகனுடைய அறைக் கதவைத் திறப்பதே இல்லையாம். உள்ளே பெய்-ஷான் பேசிக்கொண்டிருப்பாளாம்.