இரண்டாவது சில்வர் சிட்டி

பழைய ஹோண்டா சிட்டியா, லேன்சரா, எது நல்ல வண்டி என்று என்னிடம் கேட்காத ஆள் சிவகாசியில் குறைவு. யார் ஓட்டப்போகிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்டதில்லை.

என் பெயர் தங்கச்சாமி. வயது ஐம்பத்து நான்கு. விஸ்வநத்தம் போகிற சாலையில் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஜப்பான் கம்பெனிகளின் பழைய கார்களை வேகத்துக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பது என் தொழில். நீ சொல்லு, ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள் இன்ஸ்பெக்டர் அய்யா. அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. எனக்குப் போக இடமும் இல்லை.

இரண்டு வண்டிகளை ஒப்பிடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரே பங்க்கில் பெட்ரோல் போட வேண்டும். டயர் சூடாவதற்கு முன்னால் காற்று பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர்களின் எடையில் வித்தியாசம் இருந்தால் அதைச் சரிக்கட்ட வேண்டும். இதெல்லாம் செய்யாமல் ரெண்டு வண்டியை ரோட்டில் விரட்டிவிட்டு எது முந்தியது என்று பார்ப்பதற்குப் பெயர் சேவல் சண்டை.

என் மகன் முனியராஜுக்கு இந்த ஒழுங்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவனிடம் 2001 மாடல் ஹோண்டா சிட்டி இருந்தது, சில்வர் கலர். பாலிடெக்னிக்கில் அவனோடு படித்த விக்னேஷ்குமாரிடம் வெள்ளை லேன்சர். விக்னேஷ்குமார் சாத்தூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. கிணற்று மோட்டாரைவிடக் கார் எஞ்சினை அதிகம் தெரிந்துவைத்திருந்ததில் அவன் அப்பாவுக்கு வருத்தம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் ஆலங்குளம் ரோட்டுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குப் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஓடாது, சிமெண்ட் லாரியும் குறைவு. வந்து என் கடையிலேயே பரோட்டா தின்றுகொண்டு மதியம் வரை வாதாடுவார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் விக்னேஷ்குமார் லேன்சருக்குப் புது பிரேக் மாட்டினான். கழற்றிய பழைய முன் பிரேக் செட்டை முனியராஜிடம் கொடுத்தான். சிட்டியின் சொந்த பிரேக்கைவிட அது பெரியது. மாட்ட முடிந்தது. ஆனால் டை ராட் சேரவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பிதான் டை ராட். ஒரு முனை ஹோண்டாவுக்கும் மறுமுனை லேன்சருக்கும் பொருந்த வேண்டியிருந்தது. லேத்தில் கொடுத்துப் புதிதாகக் கடைந்து வாங்குவதுதான் முறை. அது காலண்டர், டைரி சீசன். ஊரிலுள்ள லேத் எல்லாம் அச்சு மெஷின் வேலையில் மூழ்கிக் கிடந்தது. நான் இரண்டு கம்பியையும் பாதியாக அறுத்து, ஒன்றாக வைத்து வெல்டிங் போட்டேன்.

"சீசன் முடியட்டும்லே, மாத்திக்கிடலாம்" என்றேன்.

"நீங்க வச்ச வெல்டிங்குதான, அது எங்கன போகப்போகுது" என்றான் முனியராஜ்.

சீசன் முடிந்தது. மாற்றவில்லை. எந்தக் காரணமும் இல்லை. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்மாய்க்கரை வளைவில், நூற்றுப் பத்தில் போன சிட்டி நேராக மதகுச் சுவரில் மோதியது. முனியராஜ் அங்கேயே இறந்தான். வயது இருபத்து மூன்று. பின்னால் லேன்சரில் வந்த விக்னேஷ்குமார்தான் அவனைத் தூக்கினான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதுவரை என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அப்பா என்றான்.

"அப்பா, அவன் திருப்புனான். நான் பின்னாடி இருந்து பாத்தேன், தோள் நல்லாச் சாஞ்சுச்சு. வண்டிதான் திரும்பல."

ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். என்ன சொல்கிறான் என்று அவனுக்கு விளங்கியிருக்காது.

ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்ததும் பார்த்தேன். டை ராட் வெல்டிங் போட்ட இடத்தில் இரண்டாக இருந்தது. வெல்டிங் விட்டதால் மோதியதா, மோதியதால் வெல்டிங் விட்டதா? இதுதான் என் கேள்வி. முதலாவது என்றால் என் மகனைக் கொன்றது நான். இரண்டாவது என்றால் அவன் தப்பு. ஒரு வருடமாக எனக்கு இதைத் தவிர வேறு யோசனை இல்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அழுகையும் ஒரு மாதத்தில் நின்றுபோனது.

உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்தவர் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார். அதிவேகம், ஓட்டுநரின் கவனக்குறைவு. அந்தக் கடைசி வார்த்தையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் அம்மா அய்யம்மாள் பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். தரையில் உரசிப் பொறி பறந்துவிடக் கூடாது என்று மெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். அதற்குத் தெருவில் பேச்சும் வாங்கினாள். நூல் சேலைதான் கட்டுவாள். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் வைத்திருக்கிற செம்புத் தகட்டை ஒருமுறைக்கு இரண்டுமுறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். எனக்குப் பத்தொன்பது வயதில் அந்த அறை வெடித்தது. ஃபோர்மேன் கருப்பணன் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். "கொஞ்சம் அசந்திருப்பா" என்றார். விசாரணைக் காகிதத்தில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று வந்தது. அறையில் எவ்வளவு மருந்து வைக்கலாம், எவ்வளவு வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. செத்தவர்கள் மேல் எழுதிவிட்டால் மறுத்துப் பேச ஆள் வராது. இந்தப் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும்.

என் மகன் மேலும் அப்படி எழுதியதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் உண்மையைத் தெரிந்துகொள்ள நினைத்தேன்.

இன்ஜினியரிங் காலேஜில் இரும்பைச் சோதிக்கிற மெஷின் இருக்கிறது, அந்தக் கம்பியைக் கொண்டுபோனால் எப்போது உடைந்தது என்று சொல்லிவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். நான் போகவில்லை. அந்த ரோட்டையும் அந்த வளைவையும் பார்க்காத ஆள் ஏசி அறையில் இருந்து சொல்வதை எப்படி ஏற்றுக்கொள்வது? வண்டிக்கு வண்டிதான் ஒப்பு.

மதுரையில் தேடி இன்னொரு 2001 மாடல் வாங்கினேன். சில்வர் கலர் கிடைக்க மூன்று மாதம் ஆனது. என் மனைவி மாரிசெல்வி வாசலில் நின்று பார்த்தாள்.

"அதே கலர்லயா வாங்கணும்?" என்றாள்.

ஆமாம் என்றேன். மறுநாள் அச்சங்குளத்தில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. எதற்காக வாங்கினீர்கள் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் முதல் வண்டியில் செய்தபடியே செய்தேன். அதே பிரேக். அதே மாதிரி அறுத்த இரண்டு பாதி. வெல்டிங் கம்பிகூட அன்றைக்கு மிச்சமிருந்த அதே பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். இந்த முறை கொஞ்சம் கவனமாக வை என்று கை சொன்னது. கேட்கவில்லை. நவம்பர் வரை காத்திருந்து மாட்டினேன், பனியும் வெயிலும் அதே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா. பிறகு விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டேன். ஓட்டுவதில் அவனும் முனியராஜும் கிட்டத்தட்ட சமம். வேறு யாரை வைத்து ஒப்பிட்டாலும் அது நியாயமாக இருக்காது.

"முனியராஜ் நினைப்பா இருக்கட்டும் தம்பி. நீங்களே ஓட்டுங்க" என்றேன்.

அவன் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அழுதான். முனியராஜைவிட எட்டுக் கிலோ கூடுதலாக இருந்தான், அதனால் ஸ்டெப்னியை இறக்கினேன். அது கொஞ்சம் அதிகம் குறைத்துவிட்டது. டிக்கியில் ஒரு பை நிறைய நட்டும் போல்ட்டும் போட்டுச் சரிசெய்தேன்.

முதல் ஞாயிறு அந்த வளைவில் நூற்றுப் பத்தில் போனான். வண்டி திரும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன் அய்யா, எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. வண்டி திரும்புகிறது என்றால் தப்பு முனியராஜுடையது என்றாகிவிடும். ஆனால் ஒரு நாளில் முடிவு செய்வது அவசரம். முனியராஜ் அந்தக் கம்பியோடு நான்கு மாதம் ஓட்டியிருந்தான். ஆகவே இவனையும் தினமும் ஓட்டச் சொன்னேன். ஓட்டினான். அவன் அம்மா பாண்டிலட்சுமியை முன் சீட்டில் உட்காரவைத்து இருக்கன்குடிக் கோயிலுக்குக்கூடக் கூட்டிப்போனான். அன்றைக்கு மட்டும் மெதுவாகப் போகச் சொன்னேன். எனக்கும் இரக்கம் உண்டு.

திரும்பி வரும்போது அந்த அம்மா கடையில் இறங்கினார். தூக்குவாளியில் புளியோதரை கொண்டுவந்திருந்தார். முனியராஜ் இறந்த நாளிலிருந்து அவர் வீட்டிலிருந்து ஏதாவது வந்துகொண்டுதான் இருந்தது.

"சாப்பிட்டீகளா அண்ணே? இப்படி இளைச்சுட்டீகளே" என்றார்.

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இந்த மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விக்னேஷ்குமார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அப்பா, திருப்பும்போது டக்குனு ஒரு சத்தம் வருது. முன்னாடி சக்கரத்துப் பக்கம்."

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெல்டிங் ஓரத்தில் விரிசல். தலைமுடி அளவுதான். டார்ச்சை அடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கேள்விக்குப் பதில் கண்ணுக்கு நேராக இருந்தது. அந்த இடத்தில் வேலையை நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் விரிசல் வேறு, உடைவது வேறு. கம்பி விட்ட பிறகும் வண்டியைக் கையில் பிடித்து நிறுத்துகிற ஓட்டுநர் இருக்கலாம். விக்னேஷ்குமார் பிடித்து நிறுத்திவிட்டால் என் மகனும் நிறுத்தியிருக்க வேண்டும். இவனாலும் முடியவில்லை என்றால், அதற்குப் பிறகு முனியராஜை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

விரிசலின் மேல் கிரீஸைத் தடவிவிட்டு வெளியே வந்தேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. கிரீஸ் காஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வளைவுல ஒருதடவை போயிட்டு வாங்க, சரியாப் போகும்."

"நீங்க பாத்துட்டீகள்ல, அது போதும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வளைவின் உள்பக்கம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவனின் கை தெரியும். வண்டி வந்தது. கை வலப்பக்கம் திரும்பியது. சரியான இடத்தில், சரியான நேரத்தில். சக்கரம் நேராகவே போனது. அவன் பிரேக்கை மிதித்தான், ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினான். ஒரு நல்ல ஓட்டுநர் என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்தான். அதே மதகுச் சுவர்.

அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைக்க விரும்பவில்லை. முனியராஜ் மேல் தப்பில்லை என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க யாரும் இல்லை. பிறகு கிட்டே போனேன். விக்னேஷ்குமாருக்கு உயிர் இருந்தது. அப்பா என்று ஒருமுறை சொன்னான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வருவதற்குள் போய்விட்டான்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் அதே வரியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் இருந்திருந்தால் இதோடு முடிந்திருக்கும். ஆனாலும் ஒன்பது நாள் கழித்து நானாக வந்து எழுதுகிறேன். முனியராஜ் பெயரில் இருக்கிற அந்த வார்த்தையை அடிக்க வேண்டும் என்றால் நான் சொன்னால்தான் நடக்கும். வெல்டிங் போட்டது நான். விரிசலைப் பார்த்தது நான். பார்த்துவிட்டு அந்தப் பையனை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் நான். இதில் யாருடைய தூண்டுதலும் இல்லை. என்ன தண்டனை என்றாலும் சரி, எனக்கு அலுத்துவிட்டது.

என் மகனின் காகிதத்தை மட்டும் திருத்திக் கொடுங்கள் அய்யா. விக்னேஷ்குமாரின் காகிதம் இருக்கிறபடியே இருக்கட்டும். வண்டி இரண்டு நாளாகச் சத்தம் கொடுத்துக்கொண்டுதானே இருந்தது, ஓட்டுகிறவன் அதைக் கவனித்திருக்க வேண்டாமா? பாண்டிலட்சுமி அம்மா ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள என்ன தப்புப் பண்ணுனான் அண்ணே?" என்று கேட்டார். அவருக்கு அப்போதே சொல்லிவிட்டேன்.

"கொஞ்சம் அசந்திருப்பான், தாயி."