நாற்பது நாள் குளிர்

ஸ்ட்ராபெர்ரிச் செடிக்குத் தூக்கம் முக்கியம், இன்ஸ்பெக்டர் ஐயா. சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்தும் வெள்ளைக்காரம்மாதான் எனக்கு விளக்கினார். அவர் நாட்டில் குளிர்காலம் முழுக்கச் செடி பனிக்கடியில் தூங்குமாம். தூங்கி எழுந்தால்தான் கொத்துக் கொத்தாய்ப் பூக்குமாம். மரக்காணத்தில் பனிக்கு எங்கே போவது? மீன் வியாபாரி ஒருவர் கழித்துவிட்ட குளிர் அறையை வாங்கி உப்பளத்து ஓரம் வைத்தேன். முந்நூறு தொட்டி. இரண்டு டிகிரி. நாற்பது நாள் கதவு திறக்கக் கூடாது.

இருபது வருஷம் உப்புப் பாத்தியில் நின்றவன் நான். உப்பு இறங்கும்போது பாத்தியில் யாரும் கால் வைக்கக் கூடாது. மடையை அடைத்தால் அடைத்ததுதான். என் தங்கை கலைமதியின் வீட்டுக்காரன் சரவணகுமாருக்கு இதெல்லாம் புரியாது. போன வருஷம் உள்ளே பீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நாளைக்குப் பத்துத் தடவை திறந்தான். தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. செடியெல்லாம் இலையாய் வளர்ந்ததே தவிர ஒரு பூ இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் சிரித்தான்.

இந்த வருஷம் முப்பத்தோராம் நாள் மதியம், மழையில் நனைந்த பனியனோடு மறுபடி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. நான் சாத்திப் பூட்டினேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது எனக்குத் தெரியும்.

"மச்சான், தொறங்க. வெளையாடாதீங்க."

நான் விளையாடவில்லை. திறந்தால் முப்பது நாள் பாடு வீண். கதவோரம் நின்று பொறுமையாகவே அதைச் சொன்னேன்.

"செத்துடுவேன் மச்சான். இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்."

போன வருஷமும் அப்படித்தான் சொன்னான். நாலு மணிக்கு மழையில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு வந்தேன். ஆறு மணி வரைக்கும் தட்டினான். அப்புறம் தட்டவில்லை.

கலைமதி வந்து கேட்டபோது, சென்னைக்குப் போயிருப்பான் என்றேன். "சொல்லாம போக மாட்டாருண்ணா" என்று அழுதாள். பாவமாக இருந்தது. அவள் உங்களிடம் புகார் கொடுத்ததும் தப்பில்லை. பழம் வந்ததும் முதல் கூடை அவளுக்குத்தான்.

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, ஒளிக்கவில்லை. இன்று முப்பத்தொன்பதாம் நாள். நாளை மறுநாள் காலை நானே திறந்து தருகிறேன். அதற்குள் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடாது, ஐயா.