பெனால்டி கொடுத்தது சரிதான்

எனக்குக் காற்பந்து பிடிக்கும், ஐயா. அதைப் பற்றிக் கத்துவதுதான் பிடிக்காது.

சிரம்பானிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் நான் பெரிய கிராணி; அலுவலகக் கணக்கெல்லாம் என் கையில். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நடுவரும் நான்தான். மலாயாவில் அவசரகாலம் வந்து, தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு ஜனங்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் காப்பிக்கடைக்குப் போவார்கள். அங்கே இரண்டாவது ஆட்டம் தொடங்கும்.

அதை ஆடியவர்கள் இருவர். பால்வெட்டுத் தொழிலாளி அமிர்தலிங்கம் ஒருவன். மருந்து கொடுக்கும் டிரெஸர் ஆரோக்கியநாதன் மற்றவர். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்க விடமாட்டார். யார் குரல் பெரிதோ, அவர் சொன்னதுதான் நடந்தது என்றாகிவிடும். மைதானத்தைவிட அங்கேதான் கூட்டம் அதிகம்.

சென்ற ஆண்டு பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், எங்கள் ஆள் கையில் பந்து பட்டதென்று, எங்கள் அணிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தேன். தோற்றோம். அன்றுதான் அந்த இருவரும் முதன்முறையாக ஒரே கட்சியில் நின்றார்கள். நான் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"புஸ்தகத்த மூடுங்க ஐயா," என்றான் அமிர்தலிங்கம். "பந்து அவன் நெஞ்சுல பட்டுச்சு, தோட்டமே பாத்துச்சு லா. கண்ணாடியத் தொடச்சீங்களா?"

"கண்ணுக்கு மருந்து வேணும்னா நாளைக்கு வாங்க, கிராணி," என்றார் டிரெஸர்.

கடை சிரித்தது. அதன்பின் ஆறு வாரம், நான் கடந்துபோகும்போதெல்லாம் அமிர்தலிங்கம் இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். வீட்டில் என் மனைவி மயிலம்மாள் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போனாலும் அது காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்த சட்டம். ஒரு நாள் காலைப் பிரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் சைக்கிள்கள் பக்கம் போய், அமிர்தலிங்கத்தின் பால்வாளியில் இரண்டு டின் அரிசியைத் துணியில் சுற்றி வைத்தேன். என் வீட்டுப் பங்கீட்டு அரிசிதான். தோட்டத்துச் சொத்தை நான் தொட்டதில்லை.

வேலிக் கேட்டில் காவல்காரர்கள் சோதனை போட்டார்கள். விவேகமுள்ளவன் என்றால் அடங்கி நின்றிருப்பான். அவன் வாதாடினான்.

"இது என்னோடது இல்ல சார். யாரோ வச்சிருக்காங்க. நான் சொல்றத முழுசா கேளுங்க."

கேட்கக் கேட்க அவன் குரல் உயர்ந்தது. காவல்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆள் எப்படி என்று என்னை விசாரித்தார்கள். "எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மை.

அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனை விடுவிக்க டிரெஸர் மூன்று தடவை சிரம்பானுக்குப் போனார். "வாரம் தவறாம என்கூட சண்ட போடுறவன் சார். எனக்குத் தெரியாதா அவன? அரிசி கடத்துறவன் இல்ல," என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். யாரும் கேட்கவில்லை. சிறைக்குப் போன மூன்றாம் மாதம் அமிர்தலிங்கம் காய்ச்சலில் இறந்தான். அவன் மனைவி லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. காலி செய்யச் சொன்ன கடிதத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். ஒரு வாரம் கூடுதலாகவே தவணை கொடுத்தேன்.

இப்போது கடையில் அமைதி. போன ஞாயிறு அமிர்தலிங்கத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, டிரெஸரிடம் அந்தப் பெனால்டியைப் பற்றி நிதானமாகக் கேட்டேன். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னா சரி, கிராணி," என்றார். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். மறுநாள் அவர் காவல் நிலையத்தில் உங்களிடம் வந்து என்மேல் சந்தேகம் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

அரிசியை வைத்தது நான்தான், ஐயா. எங்கே கையெழுத்து வேண்டுமோ, போடுகிறேன். ஆனால் டிரெஸர் ஒப்புக்கொண்டதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பந்து கையில்தான் பட்டது.