குப்பியில ஒட்டின பேரு

உக்காருங்க, பெர்த்தொலினி. ஸ்டூல்தான் இருக்கு. மாத்தே டீ கேக்காதீங்க. ஆய்வுக்கூடத்துல குடிக்கக் கூடாது. வெளியில போனாலும், எல்லாரும் மாத்தி மாத்தி உறிஞ்சற அந்த ஒரே குழல்ல உங்களோட வாய் வைக்க எனக்கு இஷ்டமில்ல.

என்ன? குப்பியில ‘நெலி’ன்னு ஒட்டியிருக்கே, அது யாருன்னா? உள்ள இருக்கற கிருமிய யார் ரத்தத்துலேர்ந்து எடுத்தமோ அந்த நோயாளி. இங்க எல்லா ஆய்வுக்கூடத்துலயும் அப்படித்தான் பேரு வைப்போம்.

சிரிப்பு வருதா? கம்பெனி அனுப்பி விமானமேறி வந்து இறங்கினதும் இத்தன வருஷமா என்னத்தக் கிழிச்சீங்கன்னு கேட்டீங்கள்ல, கேளுங்க. கிருமிக்குள்ள ஒரு புரதம், அதுல ஒரு குழி. அந்தக் குழிய அடைச்சுட்டா, தன்னச் சுத்தித் தோலு கட்ட முடியாம கிருமி செத்துப்போகும். அடைக்கற மூலக்கூற நாங்க செஞ்சோம். ஒரு நுனியில குளோரின் வெச்சோம், கிருமி செத்துச்சு, எலியோட ஈரலும் போச்சு. அத எடுத்துட்டு ஃபுளூரின் வெச்சோம். ஈரல் பொழச்சுது, மருந்து தண்ணியில கரையல. வயித்துல கல்லாட்டம் கெடந்தா ரத்தத்துக்கு எப்படிப் போகும்? ஓரத்துல ஒரு நைட்ரஜன் சேத்தோம். இப்பதான் கரையுது. போன வாரம் பாத்தோம், எலியோட நெஞ்சுல கிருமியே இல்ல. சாமி, அன்னிக்கு நான் அழுதேன்யா! இந்த நேரம் பாத்து வந்து கடைய மூடுங்கறீங்க.

லாபமில்லையா? எப்படி இருக்கும்? இந்தக் கிருமியப் பரப்பற வின்சூக்காப் பூச்சி மண்சுவத்துலதான் குடியிருக்கும், உங்க மாடிவீட்டுக்கு வராது. அங்க வந்து கடிச்சிருந்தா ஓடி ஓடிப் பணம் போட்டிருப்பீங்க.

பழைய மருந்தா? பச்சப்புள்ளைக்குக் குடுத்தா கேக்கும். வயசேறி நெஞ்சு வீங்கினப்புறம் குடுத்தா கேக்காது, தோலு உரியறதுதான் மிச்சம்.

சரி, குப்பியெல்லாம் இன்னிக்கே அழிக்கணும், அவ்ளோதான? தொட்டிக்குக் கீழ ப்ளீச் இருக்கு. நீங்களே ஊத்துங்க.

ஏன்யா தயங்கறீங்க? படியேறும்போது எனக்கு மூச்சு வாங்கிச்சு, வயசாச்சுன்னு சொன்னேன். வயசெல்லாம் இல்ல. கதவுல டாக்டர் நெலிதா இபார்ரான்னு போட்டிருக்கே, பாக்கல? வீட்டுல நெலின்னுதான் கூப்பிடுவாங்க. பொறந்தது மண்சுவர் வீடு.

ஊத்துங்க. குப்பியில இருக்கறது செத்துடும். இங்க நெஞ்சுக்குள்ள இருக்கறது கெடக்கட்டும். போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க.