நாற்காலிக்குப் பத்து மதிப்பெண்

எங்கள் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் அம்மையார் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் அலுவலர் அனைவரும் அன்புடன் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

நொடித்துப்போய் நிற்போர்க்கு நல்வழி காட்டும் நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்களை உருவாக்கிய நெறியாளரே! சட்டப் பிரிவுகளைச் சற்றும் தடுமாறாமல் சாற்றும் செந்நாவே! சிவப்பு மையைச் சிக்கனமின்றிச் செலவிட்ட செங்கையே! விடுப்பு விண்ணப்பத்திலும் விடுபட்ட காற்புள்ளியைக் கண்டறியும் கழுகுக் கண்ணே! எங்கள் நாற்காலி அம்மாவே! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

இம்மடலை எழுதும் பேறு, இங்கேயே பயின்று தேறி இப்போது தேர்வுப் பிரிவில் இருக்கும் எனக்கு வாய்த்தது. "மூணு தடவை பரீட்சை எழுதி பாஸ் பண்ணவன் நீதான். அந்தம்மாகிட்ட உன்னைவிட அதிகமா திட்டு வாங்கினவன் யாருப்பா இருக்கான்?" என்றார் துணை இயக்குநர். தகுதி அடிப்படையில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு இதுதான்.

திவால் வழக்குகளில் சிறப்பு வழக்கறிஞர் என்று பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ள வேண்டுமானால் இங்கே பத்து வாரம் பயில வேண்டும். எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். அதன்பின் உங்கள் வாய்மொழித் தேர்வில் தப்பிப் பிழைக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அத்தேர்வில், கடை மூழ்கிப்போன கட்சிக்காரராக நீங்களே நடித்தீர்கள். கசங்கிய காகிதக் கட்டோடு கதவைத் திறந்து உள்ளே வந்து நிற்பீர்கள். சுவரோரம் ஒரு நாற்காலி இருக்கும். அதை இழுத்துப் போட்டு "உட்காருங்க" என்று சொல்கிறவருக்குப் பத்து மதிப்பெண். சொல்லாமல் சட்டம் பேசத் தொடங்குகிறவர் தலைகீழாக நின்றாலும் தேற முடியாது.

நான் இருமுறை தலைகீழாக நின்றவன். முதல்முறை கேள்விகளுக்கு முன்பே பதில் சொன்னேன். இரண்டாம் முறை நாற்காலியை நினைவாக இழுத்துப் போட்டு, பதற்றத்தில் அதில் நானே உட்கார்ந்துகொண்டேன். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு தபால் பிரிவுவரை கேட்டதாம்.

அந்தப் பத்து மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதை மூன்றாம் முறை தேறிய அன்று கேட்டேன். நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியின்றி இங்கே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். "வக்கீலா இருந்த புதுசுல ஒரு அச்சகக்காரர் வந்தாருப்பா. ரெண்டு மணி நேரம் எனக்குத் தெரிஞ்ச சட்டம் அத்தனையும் கொட்டினேன். அவரு நின்னுக்கிட்டே கேட்டாரு. உட்காரச் சொல்லணும்னு எனக்குத் தோணல. அப்புறம் அவரு வரவே இல்ல."

ஓய்வு பெற்றபின் ஊர் சுற்றுவீர்கள், உறங்குவீர்கள் என்றெல்லாம் நாங்கள் கணக்குப் போட்டோம். நீங்களோ, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் அக்காவின் வீட்டு முன்னறையில் நான்கு நாற்காலி வாங்கிப் போட்டு, மீண்டும் கட்சிக்காரர்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது போன வாரம்தான் தெரிந்தது. தெரிந்த விதம் எனக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை.

நூற்றுக்கணக்கானோருக்குச் சான்றிதழில் ஒப்பமிட்ட உங்களிடம் அந்தச் சான்றிதழ் இல்லை! தேர்வு நடத்துகிறவர் தேர்வு எழுதக்கூடாது என்று விதி வகுத்தவர் நீங்களே. ஆகவே, ஓய்வுக்குப் பின் வரும் அடுத்த மாதத் தேர்வுக்கு எல்லோரையும்போல் விண்ணப்பித்திருக்கிறீர்கள். ஆறு மாதமாகத் துணை இயக்குநர் வினாத்தாள் தயாரிக்கும் அறைப்பக்கம் நீங்கள் எட்டிப் பார்க்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. உங்கள் இருவருக்கும் சண்டை என்று தேநீர் வேளையில் பேசிப் பேசி நாங்கள் தீர்த்த பிஸ்கட்டுகளுக்கு அளவில்லை.

விண்ணப்பத்தின் பெயர்ப் பகுதியை மடித்துக் குண்டூசி குத்திய பிறகே சரிபார்க்க வேண்டும் என்பதும் உங்கள் விதி. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே வரக்கூடாது என்பதற்காக. அவ்விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். வரிசை எண் நாற்பத்தொன்றில் ஒரு குறை கண்டேன்: பயிற்சி நிலைய இயக்குநரின் ஒப்பம் இல்லை. "இதுகூடத் தெரியாமல் சிறப்பு வழக்கறிஞர் ஆக வந்துவிட்டார்கள்" என்று முணுமுணுத்தபடி சிவப்புச் சீட்டை ஒட்டித் திருப்பி அனுப்பினேன். முகவரி எழுத மடிப்பைப் பிரித்த தபால் பிரிவு அக்கா, ஓடி வந்து மூச்சிரைக்கக் கேட்டார்: "ஏம்பா, யாரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்னு தெரியுமா? கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு கேளு!"

குறையைச் சரிசெய்ய ஏழு நாள் அவகாசம். நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்திருக்கும். "எனக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கிட்டா, அந்தச் சான்றிதழுக்கு அப்புறம் என்னப்பா மதிப்பு?" என்றீர்கள். நீங்கள் பணியில் இருக்கும்வரை துணை இயக்குநர் ஒப்பமிட முடியாது. ஒரே ஒரு நாள் விடுப்பு எடுங்கள், பொறுப்பு அவரிடம் போகும் என்று கெஞ்சினோம். "இருபத்திரண்டு வருஷத்துல எடுக்காத லீவை இப்ப பரீட்சைக்காக எடுக்கணுமா? போ, போய் வேலையைப் பாரு" என்றீர்கள். ஏழாம் நாள் இன்று. அலுவலகம் மூடும் நேரம் ஐந்தரை. தவறினால் அடுத்த தேர்வுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அந்த நான்கு நாற்காலிகளும்தான்.

சுருங்கச் சொல்ல வேண்டிய இம்மடலை நான் இப்படி நீட்டி முழக்குவது ஏன் என்று அவையோர் நெளிவது தெரிகிறது. மேடையில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணை இயக்குநர் கையில் பேனா மூடி திறந்து பத்து நிமிடமாகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள், அம்மா! மணி ஐந்து. ஆணையில் குறித்த இந்நேரத்தோடு உங்கள் பணி நிறைவுற்றது. பொறுப்பு அவருடையது ஆயிற்று. புதிய இயக்குநர் இடும் முதல் ஒப்பம் விண்ணப்பம் நாற்பத்தொன்றில் இதோ விழுகிறது! பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நான் சட்டைப்பையிலேயே கொண்டுவந்திருக்கிறேன்.

கண்டிப்பில் கனிவு கலந்தவரே! உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாமல் நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும். உங்கள் முன்னறைக்குத் தலைகுனிந்து வருவோர் தலைநிமிர்ந்து திரும்ப வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். ஆனால் சலுகை எதுவும் கிடையாது என்பதையும் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

அடுத்த மாத வாய்மொழித் தேர்வில் கட்சிக்காரராக நடிக்கப் போகிறவன் நான். காகிதக் கட்டோடு கதவைத் திறந்து வருவேன். நாற்காலி சுவரோரம் இருக்கும். நீங்கள் சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பேன், அம்மா.

என்றும் உங்கள் சிவப்பு மைக்கு அஞ்சும்,
பயிற்சி, தேர்வு, தபால் பிரிவுகளின் அலுவலர்கள்